பாக்டீரியா வளர்ப்பில் பிஎச் பார்க்கும் அச்சிட்ட சென்சார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்ப்பவர்களும், நொதித்தல் வேலை பார்ப்பவர்களும், சென்சார் செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிஎச் என்பது ஒரு திரவம் அமிலமா காரமா என்று சொல்லும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவும், அதை வளர்க்கும் எல்பி என்ற ஊடகமும் (சத்துக் கரைசல்)தான் வரும். நுண்ணுயிரியல் ஆய்வகம் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அச்சிட்ட பிஎச் சென்சார் என்பது எப்படி இருக்கும்?

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் மின்சாரம் கடத்தும் மையால் இரண்டு தடங்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று கரி மையால் ஆன கறுப்புத் தடம். அதன் நுனியில் பாலிஅனிலின் என்ற பாலிமரை மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். பிஎச் மாறும்போது மின்னழுத்தம் மாறுவது இந்த நுனியில்தான். இன்னொன்று வெள்ளியும் வெள்ளி குளோரைடும் கலந்த மையால் ஆன சாம்பல் நிறத் தடம். இது நிலையாக நிற்க வேண்டியது. இதை அடிப்படையாக வைத்துத்தான் முதல் தடத்தை அளக்கிறோம். இதற்கு ரெஃபரன்ஸ் மின்முனை என்று பெயர். நுனிகளையும், கம்பி மாட்டும் மேல்பகுதியையும் விட்டுவிட்டு நடுப்பகுதி முழுவதையும் மின்கடத்தா மையால் மூடிவிடுவார்கள்.

பட்டையைக் கல்ச்சருக்குள் (பாக்டீரியா வளரும் ஊடகத்துக்குள்) இறக்கி, இரண்டு தடங்களுக்கும் இடையே எத்தனை மில்லிவோல்ட் இருக்கிறது என்று பார்க்கிறோம். ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரி செல்சியஸில் 59 மில்லிவோல்ட், 37 டிகிரியில் 61.5 மில்லிவோல்ட் என்பது, அயனிச் செறிவையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு தரும் கணக்கு. அச்சிட்ட பட்டைகள் இதைவிடக் கொஞ்சம் குறைத்தோ கூட்டியோ தரும். ஆகவே கோட்பாட்டு எண்ணை நம்பி இறங்காமல், ஒவ்வொரு தொகுதியிலும் சில பட்டைகளை அளந்து பார்த்துவிட வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1987இல் மெடிசென்ஸ் நிறுவனத்தின் எக்ஸாக்டெக் கருவியோடு அச்சிட்ட மின்முனைகள் வீடுகளுக்குள் வந்தன. அந்த அனுபவத்தில் வளர்ந்த மைகளும் அச்சு முறைகளும்தான் பிஎச் பட்டைக்கும் கைகொடுக்கின்றன.

நல்ல கண்ணாடி பிஎச் மின்முனை இருக்கிறதே, இது எதற்கு?

ஒரு குடுவையில் இந்த நிமிடம் பிஎச் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் கண்ணாடி மின்முனையையே பயன்படுத்துங்கள். கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க 1934இல் ஆர்னால்ட் பெக்மன் செய்துகொடுத்த கருவியின் வழியில் வந்தது அது. இத்தனை ஆண்டுகளாகப் பண்படுத்தப்பட்ட தொழில்நுட்பம். அச்சிட்ட பட்டை அதன் துல்லியத்தை எட்டாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 20 சோதனைக் குழாய்களில் 5 மில்லிலிட்டர் வீதம் கல்ச்சர் போட்டு, இரவு முழுக்க ஷேக்கரில் ஆடவிடுகிறீர்கள். ஒவ்வொன்றிலும் பிஎச் எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். 20 கண்ணாடி மின்முனைகள் வாங்க முடியாது. வாங்கினாலும் அந்தக் குழாய்க்குள் நுழையாது. அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்தால் கல்ச்சர் தீர்ந்துவிடும், திறக்கும் ஒவ்வொரு முறையும் வேறு கிருமி உள்ளே போகும், நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள். இந்த இடத்தில்தான் மலிவாக அச்சிட்டு, மூடியிலேயே ஒட்டி, வேலை முடிந்ததும் கழித்துவிடும் பட்டை தேவைப்படுகிறது. அது தரும் ஒற்றை எண்ணைவிட, நிமிடத்துக்கு நிமிடம் அது வரையும் வளைவுக்குத்தான் மதிப்பு. இந்தப் பட்டைகளைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதும் இதையே: எண்ணைச் சந்தேகப்படுங்கள், வளைவைப் படியுங்கள்.

கல்ச்சரில் பிஎச் ஏன் மாறுகிறது? வளைவைப் பார்த்து என்ன தெரியும்?

பாக்டீரியா எதைத் தின்கிறது என்பதைப் பொறுத்தது. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால், ஆக்சிஜன் இருக்கும்போதுகூட ஈ.கோலை அசிட்டேட்டை வெளியே தள்ளும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் லாக்டிக், அசிட்டிக், ஃபார்மிக், சக்சினிக் என்று பல அமிலங்கள் சேர்ந்து வரும். பிஎச் இறங்கும்.

எல்பி ஊடகத்தில் சர்க்கரை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும். ஈ.கோலை அவற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை அமோனியாவாக விட்டுவிடும். அதனால் 7இல் தொடங்கிய பிஎச் மறுநாள் காலை 9ஐ நெருங்கியிருக்கும். கல்ச்சர் வளர்ந்தால் புளிக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பட்டையை மாற்றுவார்கள். பட்டை சரியாகத்தான் இருக்கும்.

இப்போது எல்பியில் கொஞ்சமாக, 0.1 சதவீதம் அளவுக்குக் குளுக்கோஸ் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் கோடு தட்டையாகப் போகும். பாக்டீரியா பெருகாமல் இல்லை. பிஎச்சை அசைக்கும் அளவுக்கு எண்ணிக்கை இன்னும் வரவில்லை. அப்புறம் கோடு மெல்ல வளைந்து, வேகமெடுத்துக் கீழே இறங்கும். சர்க்கரை தீர்ந்த இடத்தில் இறக்கம் சட்டென்று நிற்கும். அதற்குப் பிறகு, வெளியே தள்ளிய அசிட்டேட்டையே ஈ.கோலை திரும்ப எடுத்துத் தின்னும், அமினோ அமிலங்களையும் உடைக்கும். கோடு மேலே ஏறத் தொடங்கும். ஏறும் வழியில் அது தொடங்கிய அளவையே மறுபடி கடக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து கண்ணாடி மின்முனையை வைத்தால் 7க்குப் பக்கத்தில்தான் காட்டும். இரவெல்லாம் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். இடையில் ஓர் இறக்கமும், ஒரு திருப்பமும், ஓர் ஏற்றமும் நடந்திருக்கின்றன. அவை மூன்றும் வளைவில் மட்டும்தான் தெரியும்.

கோடு எந்த நேரத்தில் வளையத் தொடங்குகிறது என்பதும் ஒரு செய்தி. மில்லிலிட்டருக்கு ஒரு கோடி பாக்டீரியா சேர்ந்தால்தான் உங்கள் ஊடகத்தில் பிஎச் அசையும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்தில் தொடங்கினால் அது 100 மடங்கு பெருக வேண்டும். ஆறேழு முறை இரட்டிக்க வேண்டும். இரட்டிக்க 20 நிமிடம் என்றால் சுமார் இரண்டே கால் மணி நேரம். ஓராயிரத்தில் தொடங்கினால் 10,000 மடங்கு, ஏறக்குறைய நாலரை மணி நேரம். ஆகவே ஒரே ஊடகத்தில், ஒரே பாக்டீரியாவுக்கு, வளைவு தொடங்கும் நேரத்தை வைத்து முதலில் எத்தனை இருந்தன என்று திருப்பிக் கணக்குப் போடலாம்.

என் கல்ச்சர் நன்றாக வளர்கிறது, கலங்கியும் இருக்கிறது. ஆனால் பிஎச் அசையவே இல்லை. ஏன்?

ஊடகத்தில் உள்ள பஃபரை, அதாவது பிஎச் எளிதில் மாறாமல் பிடித்துவைக்கும் பொருளைப் பாருங்கள். எம்9 என்ற எளிய உப்பு ஊடகத்தில் பாஸ்பேட் மட்டும் சுமார் 70 மில்லிமோலார் இருக்கிறது. பாக்டீரியா விடும் அமிலத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். பிஎச் வளைவு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பஃபரைக் குறைத்த ஊடகம் தேவை. கூடவே, பஃபர் குறைந்தால் பாக்டீரியா விரைவில் தன் அமிலத்திலேயே சிக்கித் தேங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எந்தப் பாக்டீரியா என்பதும் முக்கியம். சூடோமோனாஸ் ஏருஜினோசா சர்க்கரையை நொதிக்கச் செய்வதில்லை. ஆக்சிஜனோடுதான் எரிக்கும், அதில் வரும் அமிலமும் குறைவு. அதன் கல்ச்சருக்கு பிஎச் பட்டை அவ்வளவாகப் பொருந்தாது.

எப்படி அச்சிடுகிறார்கள்? கல்லூரியிலேயே செய்ய முடியுமா?

முடியும். தாம்பூலப் பையில் கடைப் பெயரை அச்சிடுவதும் இதுவும் ஒரே வேலைதான். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலை, அதில் வேண்டிய வடிவம் மட்டும் திறந்திருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. துணிக்குப் பதிலாக ஓஎச்பி ஷீட் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்), சாய மைக்குப் பதிலாகக் கரி மை. ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பட்டறையில் வலைச் சட்டத்தைச் செய்துவாங்கிக்கொள்ளலாம். மையை மட்டும் மின்வேதியியலுக்கென்று விற்பதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் கரித் தடம். அடுப்பில் உலர்த்திய பிறகு வெள்ளித் தடம். அதையும் உலர்த்திய பிறகு மின்கடத்தா மூடுமை. உலர்த்தும் வெப்பமும் நேரமும் மைக்கு மை மாறும். மை டப்பாவோடு வரும் தாளில் சொல்லியிருப்பதற்கு மேல் போனால் ஷீட் நெளிந்துவிடும். ஷீட் நெளிந்தால் அடுத்த அடுக்கு சரியான இடத்தில் விழாது. வெள்ளி குளோரைடு கலந்த மை கிடைக்காவிட்டால், வெறும் வெள்ளி மையால் அச்சிட்டு, அதன் மேல் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சிறிது நேரம் வைத்தால் மேற்பரப்பு குளோரைடாக மாறும். பளபளப்புப் போய் மங்கிய சாம்பல் நிறம் வரும்.

இங்க்ஜெட் முறையிலும் அச்சிடுகிறார்கள். பிகோலிட்டர் அளவிலான துளிகளாக விழுவதால் வலை தேவையில்லை. கணினியில் வடிவத்தை மாற்றினால் போதும். ஆனால் அதற்கான நானோ துகள் மை விலை அதிகம், முனை அடைத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் ஒரே வடிவம் வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பிஎச்சை உணர ஏன் பாலிஅனிலின்?

அமிலத்தில் அது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்ளும், காரத்தில் விட்டுவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: அமிலத்தில் முக்கினால் படலம் பச்சையாக இருக்கும், காரத்தில் முக்கினால் நீலமாகும். மின்சாரம் கடத்தும் பாலிமர் என்பதால் கரித் தடத்தின் மேல் நேரடியாகப் படிய வைக்கலாம். 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹீகர், மக்டயர்மிட், ஷிராகாவா மூவரும் அடித்தளமிட்ட பொருள் வகையைச் சேர்ந்தது இது.

காரம் அதிகமானால் இது கடத்தும் திறனை இழக்கும். 9ஐ நெருங்கும் சர்க்கரையில்லா எல்பி கல்ச்சரில் கடைசிப் பகுதியை அவ்வளவாக நம்ப வேண்டாம். இரிடியம் ஆக்சைடும் ருத்தேனியம் ஆக்சைடும் இன்னும் அகலமான எல்லைக்குள் வேலை செய்யும். மின்படிவு செய்த இரிடியம் ஆக்சைடு அலகுக்கு 59 மில்லிவோல்ட்டைத் தாண்டியும் தரும். ஆனால் இரிடியத்தின் விலையைப் பார்த்தால், கழித்துப்போடும் பட்டைக்கு அது பொருந்துமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அனிலின் நச்சுப் பொருள். பாலிஅனிலின் படிய வைக்கும் வேலையைப் புகைக்கூண்டுக்குள், கையுறையோடு மட்டும் செய்யுங்கள்.

பட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, எண் மாறிக்கொண்டே இருக்கிறது. எங்கே தேட வேண்டும்?

பெரும்பாலும் எல்லோரும் பாலிஅனிலின் படலத்தைச் சந்தேகப்படுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரெஃபரன்ஸ் மின்முனையை. இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அச்சிட்ட பிஎச் பட்டைகளில் பாதிக்கும் மேற்பட்ட தலைவலி இங்கேதான்.

கண்ணாடி மின்முனைக்குள் ரெஃபரன்ஸ் வெள்ளிக் கம்பி தனக்கென்று ஒரு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிற்கிறது. வெளியே என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அச்சிட்ட பட்டையில் அந்த வசதி இல்லை. வெள்ளி குளோரைடு நேராக ஊடகத்தைத் தொடுகிறது. அதன் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது ஊடகத்தில் உள்ள குளோரைடு. குளோரைடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ரெஃபரன்ஸ் 59 மில்லிவோல்ட் உயரும்.

எல்பியிலேயே இதைப் பார்க்கலாம். மில்லர் வகை எல்பியில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு, லெனாக்ஸ் வகையில் 5 கிராம். இரண்டையும் எல்பி என்றுதான் சொல்கிறோம். மில்லரில் சரிபார்த்த பட்டையை லெனாக்ஸில் இறக்கினால், உப்பு பாதியானதால் ரெஃபரன்ஸ் சுமார் 18 மில்லிவோல்ட் நகரும். பட்டை 0.3 பிஎச் கூடுதலாகக் காட்டும். லிட்டருக்கு அரை கிராம் மட்டும் உப்புள்ள லூரியா வகைக்குப் போனால் பிழை ஒரு முழு அலகைத் தாண்டலாம். கல்ச்சரில் எதுவும் நடக்கவில்லை. ஊடகம் தயாரித்தவர் வேறு டப்பாவை எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பட்டையைச் சரிபார்க்கக் கடையில் வாங்கும், பிஎச் தெரிந்த காலிபரேஷன் பஃபரும் இதே காரணத்தால் ஏமாற்றும். பிஎச் 4க்கான தாலேட் பஃபரில் குளோரைடே இருக்காது. வெறும் வெள்ளி குளோரைடுத் தடத்தின் மின்னழுத்தம் அதில் நிலையாக நிற்காது. பஃபர்களில் உங்கள் ஊடகத்தில் உள்ள அதே அளவு உப்பைச் சேருங்கள். உப்பு சேர்த்தால் பஃபரின் பிஎச்சும் சற்று மாறும், அதனால் கண்ணாடி மின்முனையால் அளந்து அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒருமுறை இதைச் செய்தால் பட்டைகளுக்கு இடையிலான பாதிக் குழப்பம் மறைந்துவிடும்.

நிரந்தரமான வழி, ரெஃபரன்ஸ் மீது உப்பு கலந்த ஒரு பாலிமர் படலம் போடுவது. பாலிவினைல் பியூட்டிரலை மெத்தனாலில் கரைத்து, சோடியம் குளோரைடு கலந்து, ஒரு துளி விட்டு உலரவைப்பார்கள். உள்ளே உப்பு நிறைந்திருப்பதால் வெளியே குளோரைடு கூடினாலும் குறைந்தாலும் ரெஃபரன்ஸ் அவ்வளவாக அசையாது. உப்பு மெல்லக் கசிந்து வெளியேறுவதால் ஆயுள் குறைவு. ஓர் இரவுக்குத் தாங்கும் என்றால் நமக்குப் போதும்.

இதிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. பாக்டீரியா குளோரைடைத் தின்பதில்லை. ஒரே குழாய்க்குள் தொடக்கம் முதல் முடிவு வரை குளோரைடு ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அதனால் வெறும் ரெஃபரன்ஸ் போட்ட பட்டைகூட வளைவின் வடிவத்தைச் சரியாகவே வரையும். தவறுவது தொடக்கப் புள்ளிதான். விதிவிலக்கு: பிஎச்சைக் கட்டுப்படுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றும் நொதிகலன். அங்கே குளோரைடும் கூடவே ஏறும்.

வெள்ளி கிருமிநாசினி ஆயிற்றே, கல்ச்சரைக் கொன்றுவிடாதா?

நியாயமான கவலை. வெள்ளி அயனி மிகச் சிறிய செறிவிலேயே பாக்டீரியாவைப் பாதிக்கும். குளோரைடு நிறைந்த ஊடகத்தில் வெள்ளி குளோரைடு கரைவது குறைவு, புரதங்களும் கரைந்த வெள்ளியைக் கட்டிப்போடும் என்பதால் எல்பியில் ஆபத்து குறைவு. உப்பு குறைந்த ஊடகத்தில், 200 மைக்ரோலிட்டர் போன்ற சிறு கிண்ணத்தில் ஆபத்து கூடும். ஊகம் வேண்டாம், சோதித்துவிடுங்கள்: ஒரே கல்ச்சரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பட்டை, மற்றொன்றில் பட்டை இல்லை. இரண்டிலும் 600 நானோமீட்டரில் கலங்கலை அளந்து வளர்ச்சி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புது ஊடகம், புது மை என்று எது மாறினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மறுபக்கமும் உண்டு, அதாவது பாக்டீரியா வெள்ளியைக் கெடுப்பது. சால்மொனெல்லா, புரோட்டியஸ் போன்றவை ஹைட்ரஜன் சல்பைடு விடக்கூடியவை. அது பட்டால் சாம்பல் தடம் கறுத்து வெள்ளி சல்பைடாக மாறும், ரெஃபரன்ஸ் கீழே சரியும், பட்டையோ அமிலம் ஏறுவதாகப் பொய் சொல்லும். வெளியே எடுத்ததும் சாம்பல் தடத்தின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பிஎச் தவிர வேறு எதுவும் இந்த நுனியை ஏமாற்றுமா?

ஏமாற்றும். பாலிஅனிலினும் உலோக ஆக்சைடுகளும் எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கலுக்கும் அசைந்துகொடுக்கும். கல்ச்சர் அடர்ந்து ஆக்சிஜன் தீரத் தீர, ஊடகத்தின் ரெடாக்ஸ் மின்னழுத்தம் (அந்தக் கொடுக்கல் வாங்கலால் வருவது) கீழே இறங்கும். அந்த இழுப்பு, அமிலம் ஏறுவதால் வரும் மாற்றத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். விளைவு, உண்மையில் நடந்த பிஎச் இறக்கம் வளைவில் சுருங்கித் தெரியும். சூடோமோனாஸ் சுரக்கும் பயோசயனின் என்ற நீலப்பச்சை நிறமியும் ரெடாக்ஸ் வேலை செய்யும் பொருள்தான்.

பட்டையிலேயே மூன்றாவதாக, பாலிஅனிலின் பூசாத வெறும் கரித் தடம் ஒன்றை அச்சிட்டு அதையும் பதிவு செய்யுங்கள். அச்சுச் செலவில் பெரிய வித்தியாசம் வராது. வெறும் கரித் தடமும் பெரிதாக ஆடுகிறது என்றால், அந்த நேரத்துப் பிஎச் எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். நுனியின் மேல் நாஃபியான் என்ற பாலிமர் படலம் போட்டுத் தொல்லையைக் குறைப்பவர்களும் உண்டு.

கிருமிநீக்கம் எப்படி? ஆட்டோகிளேவில் வைக்கலாமா?

ஓஎச்பி ஷீட்டில் அச்சிட்டதை வைக்கக் கூடாது. 121 டிகிரி நீராவியில் ஷீட் சுருண்டுவிடும், தடங்கள் விரிசல் விடும்.

70 சதவீத ஆல்கஹாலில் துடைப்பது கைப்பழக்கமாக எல்லோருக்கும் வந்துவிடும். ரெஃபரன்ஸ் மேல் பாலிவினைல் பியூட்டிரல் படலம் இருந்தால் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பாலிமர் ஆல்கஹாலில் கரையக்கூடியது. துடைத்த பட்டையில் படலம் குழைந்து, உள்ளே இருந்த உப்பும் போயிருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆகாது, பாலிஅனிலினை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். வடிகட்டிய காற்று ஓடும் லாமினார் கூண்டில் புற ஊதா விளக்கின் கீழ் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வைப்பது ஆய்வக வேலைக்குப் போதுமானது, நிழல் விழும் மடிப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால். தொழில் முறையில், ஒருமுறைப் பயன்பாட்டு நொதிகலன் பைகளை காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்கிறார்கள். பட்டைக்கும் அந்த வழி உண்டு, ஆனால் கதிர் பட்ட பிறகு மறுபடி காலிபரேஷன் பார்க்க வேண்டும்.

எதைச் செய்தாலும், பாக்டீரியா போடாத ஊடகத்தில் ஒரு பட்டையை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் அது கலங்காமல் இருந்தால்தான் உங்கள் முறை சரி.

அந்த வெறும் ஊடகக் குழாயால் வேறு பயன் உண்டா?

உண்டு, அதை விடவே கூடாது. பட்டை தானாகவே மெல்ல நகரும். மணிக்கு 1 மில்லிவோல்ட் நகர்ந்தாலும் 16 மணி நேரத்தில் 16 மில்லிவோல்ட், அதாவது கால் பிஎச்சுக்கு மேல். வெறும் ஊடகத்தில் நிற்கும் பட்டை காட்டும் நகர்வைக் கல்ச்சர் வளைவிலிருந்து கழித்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். புதுப் பட்டையை முதல் நாளே ஊடகத்திலோ பஃபரிலோ ஊறவைத்தால் இந்த நகர்வே குறையும். கல்ச்சர் முடிந்ததும் கண்ணாடி மின்முனையால் ஒருமுறை அளந்து கடைசிப் புள்ளியை ஒத்துப் பாருங்கள்.

பதிவு செய்ய என்ன மின்சுற்று வேண்டும்?

பெரிய கருவி வேண்டாம். ஆர்டுயினோ யூனோ என்ற சிறு மின்சுற்றுப் பலகையின் உள்ளீட்டை மட்டும் நம்பினால் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட், 0.08 பிஎச். வளைவு படிக்கட்டாக வரும். ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் சில்லைச் சேர்த்தால் ஒரு படி 0.1 மில்லிவோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். பட்டைக்கும் சில்லுக்கும் நடுவில் சிஏ3140 போல மிக உயர்ந்த உள்ளீட்டு மின்தடை கொண்ட ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) ஒன்று இருக்கட்டும். பட்டையிலிருந்து மின்னோட்டம் எடுக்காமல் அளப்பதுதான் நோக்கம்.

நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கட்டாயம் உள்ளே வரும், ஷேக்கர் மோட்டார் பக்கத்தில் இருந்தால் இன்னும் அதிகம். 20 மில்லி வினாடியின் முழு மடங்காக ஒரு நேரத்துக்குச் சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி பதிவானால் போதும். பாக்டீரியா அதைவிட வேகமாக எதையும் செய்வதில்லை.

ஆண்டிபயாடிக் வேலை செய்கிறதா என்று இதில் பார்க்கலாமா?

ஆராய்ச்சியாகப் பார்க்கலாம், ஆர்வமூட்டும் வேலையும்கூட. மருந்து போட்ட குழாயில் வளைவு தட்டையாக நின்று, போடாததில் இறங்கினால் மருந்து பிடிக்கிறது. மருந்து ஊறிய வட்டுகளைப் பாக்டீரியாத் தட்டில் வைத்துப் பார்க்கும் வட்டுப் பரவல் முறையில் 16 முதல் 20 மணி நேரம் காத்திருக்க வேண்டிய பதிலின் முதல் அறிகுறி சில மணி நேரத்தில் தெரியலாம்.

மூன்று எச்சரிக்கைகளை மனதில் வையுங்கள். வழக்கமான முல்லர்-ஹின்டன் ஊடகத்தில் சர்க்கரை இல்லை, ஸ்டார்ச்தான் இருக்கிறது. அமிலம் போதுமான அளவு வராது. குளுக்கோஸ் சேர்த்தால் அமிலம் வரும், ஆனால் அமிலம் ஏறினால் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் வீரியம் குறையும். அடுத்து, சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்த ஈ.கோலை பிரிவதை நிறுத்திவிட்டு நூல்போல நீண்டுகொண்டே போகும். இரட்டிக்காத நிலையிலும் கொஞ்ச நேரம் சர்க்கரையை எரித்து அமிலம் விடும். வளைவு இறங்குவதைப் பார்த்து எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமி என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு நோயாளிக்கு எந்த மருந்து என்பதை வீட்டில் அச்சிட்ட பட்டையை வைத்து ஒருபோதும் தீர்மானிக்காதீர்கள்.

நிறம் மாறும் பட்டைகள் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். ஃபீனால் ரெட் 6.8க்குக் கீழே மஞ்சள், 8.2க்கு மேலே ரோஜா சிவப்பு. நுண்ணுயிரியல் தட்டுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. மருத்துவமனைகளில் ரத்தக் கல்ச்சர் பார்க்கும் பேக்ட்-அலர்ட் கருவியும் இதே அடிப்படையில் நடக்கிறது: புட்டியின் அடியில் ஒரு நிறச் சென்சார், பாக்டீரியா விடும் கரியமில வாயு படலத்தைத் தாண்டி உள்ளே போய் அமிலமாகி நிறத்தை மஞ்சளுக்கு மாற்றும், கருவி 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். ரெஃபரன்ஸ் தொல்லை இதில் கிடையாது. உங்கள் கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் போதுமென்றால் நிறத்தையே தேர்ந்தெடுங்கள். கலங்கிய அல்லது நிறமுள்ள ஊடகத்தில், ஆடிக்கொண்டிருக்கும் குழாயில், தொடர்ச்சியான வளைவு வேண்டுமென்றால் மின்முனைதான் வசதி.

தயிருக்கும் இட்லி மாவுக்கும் பயன்படுத்தலாமா?

அளக்கலாம். பால் 6.6இலிருந்து இறங்கி 4.6ஐ நெருங்கும்போது கேசின் திரண்டு உறைவதை வளைவோடு சேர்த்துப் பார்ப்பது மாணவர்களுக்கு அருமையான பாடம். இட்லி மாவு கெட்டியானது. நுனியில் குமிழி ஒட்டிக்கொண்டால் எண் தாவும், அதனால் பட்டையை நிமிர்த்தி வைக்காமல் சாய்த்துச் செருகுங்கள். உப்பு போட்ட மாவுக்கும் போடாத மாவுக்கும் மேலே சொன்ன குளோரைடு பிழை முழுசாக வரும். வெள்ளியும் பாலிஅனிலினும் பட்ட மாவைச் சாப்பிடக் கூடாது. தனிக் கிண்ணத்தில் எடுத்து அளந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

ஒரே பட்டையை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

ஒரு கல்ச்சருக்கு ஒரு பட்டை. நுனியில் புரதமும் பாக்டீரியாப் படலமும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் பிஎச் வெளியே இருப்பதைவிட வேறாக இருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. பயன்படுத்திய பட்டையைக் கல்ச்சரோடு சேர்த்தே உயிரிக் கழிவாகக் கருதி, பிளீச் கரைசலில் ஊறவைத்தோ கழிவுப் பையோடு ஆட்டோகிளேவ் செய்தோ பிறகு கழியுங்கள். இந்தக் கட்டத்தில் ஷீட் சுருண்டாலும் பரவாயில்லை. பிளீச்சில் ஊறியதை மட்டும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.